முதல் சோப்பு: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

வீட்டிலேயே சோப்பு செய்ய, முதல் தடவைக்கு 500 கிராம் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் 300, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 கிராம். காஸ்டிக் சோடா 77 கிராம், தண்ணீர் 160 கிராம். ஆறேழு கட்டி வரும். தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் எடை போட்டே எடுக்கணும். டம்ளர் அளவு, கரண்டி அளவு இங்கே செல்லாது.

77 எப்படி வந்தது? ஒவ்வொரு எண்ணெயும் கேட்கும் சோடா வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்குச் சுமார் 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 81.4. அதில் 5 சதவீதத்தைக் கழித்துவிடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் தங்குவதால் தோல் வறளாது, எடையில் சிறு பிசகு இருந்தாலும் தாங்கும். நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றினால் கணக்கை மறுபடி போடணும். அப்படியே மாற்றி ஊற்றுவதுதான் பலருடைய முதல் சோப்பைக் கெடுக்கிறது.

காஸ்டிக் சோடா செதிலாக, ஈரம் படாததாக வாங்குங்கள். சலவைச் சோடா வேறு பொருள், அதில் இந்த முறையில் சோப்பு வராது. பாத்திரம் எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

தண்ணீர் விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொஞ்சம் நிற்கணும். சோடாவைக் கரைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். ஆனால் குளிப்பது உப்புத் தண்ணீரில்தானே? அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வாளி ஓரத்தில் வெள்ளைப் பிசுக்காகப் படியும், நுரையும் குறையும். தேங்காய் எண்ணெய் இவ்வளவு சேர்ப்பதற்கு ஒரு காரணம் அது. உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அது 6 கிராம் சோடாவைத் தின்றுவிடும், அதனால் சோடாவை 83 கிராமாக ஏற்றணும். ஏற்ற மறந்தால் சோப்பு இறுகாமல் பிசுபிசுக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆவியை முகர வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர் தடவும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரிப் பக்கம் வந்ததும் கலக்கணும். மே மாதச் சேலத்தில் கரைசல் எளிதில் ஆறாது, பாத்திரத்தை ஒரு தொட்டித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில், டிசம்பரில், சிக்கல் நேர் எதிர். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். கலக்கும்போதே எண்ணெய் உறைந்து கெட்டியாகத் தெரியும், சோப்பாகும் பதம் வந்துவிட்டதென்று அச்சில் ஊற்றிவிடுவார்கள், மறுநாள் அடியில் சோடாக் கரைசல் தேங்கி நிற்கும். ஐயம் இருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துப் பாருங்கள்: இளகி எண்ணெய் பிரிந்தால் அது பொய்ப்பதம்.

ஹேண்ட் பிளெண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் சில நிமிடத்தில் தோசை மாவுப் பதம் வரும், தூக்கி ஊற்றினால் மேலே கோடு தங்கும். மிக்ஸியில் போடாதீர்கள், மூடி கழன்றால் சோடாக் கலவை கண்ணில்தான்.

முதல் சோப்பில் வாசனை வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. கிராம்பு, பட்டைத் தைலம் கலவையை நொடியில் இறுக்கிவிடும். இலைச்சாற்றின் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். ஏதாவது போட்டே தீரணுமென்றால் ஏற்காட்டுக் காபி வடித்த சக்கையை நன்றாகக் காயவைத்து ஒரு தேக்கரண்டி போடுங்கள், தேய்க்க நறநறவென்று இருக்கும்.

அச்சுக்குக் கழுவிய பால் அட்டைப்பெட்டி போதும். மலையில் துணி போர்த்தி வையுங்கள். சேலத்து வெயில் காலத்தில் போர்த்தினால் உள்ளே சூடேறி நடுவில் பிளந்து பொங்கும். ஒன்றிரண்டு நாளில் கையுறையோடு எடுத்து வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் நாலு முதல் ஆறு வாரம் உலர விடுங்கள். ஐப்பசி மழையில் கட்டி வியர்க்கும். அது கிளிசரின் இழுத்த ஈரம், மின்விசிறிக் காற்று போதும். மேலே வெள்ளைப் பொடி படிந்தால் துடைத்துவிடலாம்.

உள்ளே வெள்ளைக் கட்டிகளோ நீர்க்குழிகளோ இருந்தால் அது கலக்காத சோடா, அந்தக் கட்டியைத் தோலில் வைக்காதீர்கள். சில மாதம் கழித்து ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடித்தால், எண்ணெய் பழசு என்று அர்த்தம். அந்தக் கட்டி கால்மிதி துவைக்க ஆகும்.