கரடிக்குக் கால் கிடைத்த இரவு

சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களையும் சிறு வயதிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். ஆனால் அவை பெருங்கரடி என்ற நட்சத்திரக் கூட்டத்தின் முதுகுப் பக்கமும் வாலும் மட்டும்தான். மீதிக் கரடியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சரி, இந்த ஏப்ரலில் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நோட்டும் வரைபடமுமாக உட்கார்ந்தேன்.

முதல் மூன்று இரவும் வீண். வரைபடத்தில் கால்கள் கீழே இருந்ததால், வானத்திலும் ஏழு நட்சத்திரங்களுக்குக் கீழேயே துழாவிக்கொண்டிருந்தேன். அங்கே துருவ நட்சத்திரம்தான் கண்ணில் பட்டது. நாலாவது இரவுதான் உறைத்தது: 9 மணி வாக்கில் வடக்கே பார்த்து நின்றால், கரடி துருவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது! கால்கள் உச்சிவானத்தைப் பார்த்து நீட்டியிருக்கின்றன. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினேன்.

அப்புறம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பாதங்கள் தெரிந்தன, ஒவ்வொன்றும் ஒரு ஜோடி நட்சத்திரம். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு ஜோடிக்குள் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. ஒளி அளவு 3-க்கும் 4-க்கும் நடுவே (எண் கூடக்கூட மங்கல்) என்பதால் நிலா இல்லாத இரவு வேண்டும். இந்த மூன்று ஜோடிகளையும் அரபியர் மான் துள்ளி ஓடிய தடமாகப் பார்த்தார்கள். அலூலா, தானியா, தாலிதா என்பவை முதல், இரண்டாம், மூன்றாம் துள்ளலைக் குறிக்கும் பெயர்கள். எனக்கு இப்போது கரடியைவிட அந்த மான்தான் முதலில் தெரிகிறது.

அலூலா ஜோடியில் தெற்கே இருப்பதை அதிக நேரம் பார்த்தேன். அது இரட்டை நட்சத்திரம் என்று 1780-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். 1828-ல் பிரெஞ்சு வானியலாளர் ஃபெலிக்ஸ் சவாரி அவை இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதையைக் கணக்கிட்டார். இரட்டை நட்சத்திரம் ஒன்றுக்குப் பாதை கணக்கிடப்பட்டது அதுவே முதல் முறை. ஒரு சுற்றுக்குச் சுமார் 60 ஆண்டு. என் 10×50 பைனாகுலரில் ஒற்றைப் புள்ளிதான்.

ஆறாம் இரவு எம்81 என்ற விண்மீன் பேரடையை (galaxy) தேடினேன். சப்தரிஷிகளின் ஏழு நட்சத்திரங்களில் புலஸ்தியரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு இழுத்து, அதே தூரம் இன்னும் நீட்ட வேண்டும். நேராக உற்றுப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தியதும் முட்டை வடிவத்தில் ஒரு வெளிறிய கறை தெரிந்தது, பக்கத்திலேயே சிறு கீற்றாக இன்னொரு பேரடை, எம்82. சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரத்து வெளிச்சம்! மூச்சுவிட்டால் பைனாகுலர் ஆடி அது மறைந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தேன்.

நாலாவது பாதத்துக்கு மட்டும் அப்படி ஒரு ஜோடி இல்லை. நோட்டில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அடுத்து மூக்கு.