பெட் சிப்ஸ்: காயாத ஈரம் சங்கிலியை வெட்டும்

பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை எந்திரத்தில் ஓட்டிப் பழகிய கை, பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்குக்கு மாறும்போது முதலில் சறுக்குவது சிப்ஸை, அதாவது பிளாஸ்டிக் மணிகளைக் காய வைக்கும் டிரையரில்தான். பாலிபுரொப்பிலீனில் ஈரம் இருந்தால் பொருளின் மேல் வெள்ளிக்கோடு விழும், அவ்வளவுதான். அதன் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பு முழுக்க கார்பன்-கார்பன் பிணைப்பு, தண்ணீரால் அதைத் தொட முடியாது. பெட் சங்கிலியிலோ வரிசையாக எஸ்டர் பிணைப்புகள். உருகிய நிலையில் ஒரு நீர் மூலக்கூறு ஒரு எஸ்டரை வெட்டும். ஒரு சங்கிலி இரண்டாகும்.

கணக்குப் போட்டால் பயம் வரும். சராசரி மூலக்கூறு எடை 24,000 என்று வைத்துக்கொள்வோம். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஈரம் முழுதும் வினைபுரிந்தால் அது சுமார் 22,500 ஆகும். 200 பிபிஎம் என்றால் 19,000. காய வைக்காமல் 0.2% ஈரத்தோடு போட்டால் 6,500. அதில் பாட்டில் ஊதவே முடியாது.

திண்மமாக இருக்கும்போது படிகப் பகுதி நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் தண்ணீர் உள்ளே நுழைவதில்லை. ஒழுங்கற்ற பகுதியில்தான் தங்கும். 280 டிகிரியில் உருகியதும் படிகம் இல்லை, மறைவிடமும் இல்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். வெட்டிய இடத்தில் உருவாகும் கார்பாக்சில் முனை அடுத்த வெட்டையும் வேகப்படுத்துகிறது.

அதனால் 160-170 டிகிரி, 4-6 மணி நேரம், காய வைக்கும் காற்றின் டியூ பாயிண்ட் (அதன் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40, முடிவில் 50 பிபிஎம்முக்குக் கீழே. மணிக்கு 200 கிலோ ஓட்டினால், ஆறு மணி நேரத்துக்கு ஹாப்பரில் (சிப்ஸ் காயும் தொட்டியில்) 1,200 கிலோ நிற்க வேண்டும். சிறிய ஹாப்பரை வைத்துக்கொண்டு வெப்பத்தை ஏற்றி ஈடுகட்டுவது மஞ்சளில் முடியும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் சோர்ந்து ஈரக்காற்று வந்தால் வெட்டு ஹாப்பரிலேயே தொடங்கிவிடும். கண்ணாடி போன்ற படிகமாகாத சிப்ஸை நேரே போட்டாலோ சுமார் 75 டிகிரி தாண்டியதும் இளகி ஒட்டிக் கட்டியாகும். கிளறும் வசதியுள்ள கிரிஸ்டலைசரில் படிகமாக்கி வெள்ளையாக்கிய பிறகே டிரையர்.

பிரிஃபார்ம் (பாட்டிலாக ஊதப்படும் முன்வடிவம்) மங்கலாக வந்தால் அச்சுக் குளிர்ச்சியை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஐவியையும் (சங்கிலி நீளத்தைக் காட்டும் பாகுத்தன்மை அளவு) அளந்து பாருங்கள். குட்டைச் சங்கிலிகள் வேகமாகப் படிகமாகும்.

காய வைக்கும் இந்த அளவுகளை நைலானுக்குப் போடவே கூடாது. நைலான் சங்கிலியின் அமைடு பிணைப்பு அவ்வளவு எளிதில் அறுவதில்லை. 80 டிகிரியில் காய வைத்து 0.2%க்குக் கீழே வந்தாலே போதும். அதையும் தாண்டி எலும்பாகக் காய வைத்தால் உருகும்போது சங்கிலிகள் இன்னும் நீளும், உருகல் கெட்டியாகி அச்சு நிரம்பாது.