பரந்தன் சந்தியில் ஒரு பாட்டுப் பட்டியல்

"எல்லாம் தெரிஞ்ச பாட்டாய்ப் போடுங்கோ தம்பி, அப்பதான் சனம் கேக்கும்."

தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னது, கிற்றாரோடு இருந்த பெடியனுக்கு.

மேசையில் அந்தப் பெடியனுடைய குழுவின் ரொக் அல்பத்துக்கான பாட்டுப் பட்டியல். சொந்தப் பாட்டுகள் நீல மையில், கவர் பாட்டுகள், அதாவது பிறருடைய பாட்டைத் தாங்கள் திரும்பப் பாடுபவை, சிவப்பில். ஒரு சிவப்பை வெட்டி, திரும்ப எழுதி, திரும்பவும் வெட்டியிருந்தார்கள்.

"உரிமை வாங்கோணும் அண்ணை."

உண்மைதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை இருக்கும்.

பீட்டில்ஸ் என்ற ஆங்கில ரொக் குழுவின் முதல் அல்பத்திலும் 14 பாட்டில் 6 பிறருடையவை. மேடையில் பாடிப் பாடிப் பழகியிருந்ததால்தான் 1963இல் ஒரே நாளில் 10 பாட்டைப் பதிவு செய்ய முடிந்தது.

கவருக்குச் சனம் சேரும், சரி. எனக்கென்றால் முதலாவதாகச் சொந்தப் பாட்டைப் போட வேண்டும். தெரிந்ததை மூன்றாவதாக வைத்தாலும் கேட்பார்கள்.