ஹாய் ஃப்னூ

என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியலா முன்னாடி நிக்கும், அவ்வளவுதான், நம்ம ஊர்ல அதுக்கு மேல யாரும் கேட்டதில்ல. அமெரிக்க விசா அடிச்சு வந்தப்போ என் பேரு சர்நேம் இடத்துக்குப் போயிடுச்சு, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யூன்னு மூணு எழுத்து. ஃபர்ஸ்ட் நேம் அன்னோன். அதாவது பேர் தெரியலயாம். நம்ம பசங்க நிறைய பேருக்கு இது நடந்திருக்கும், ஸ்க்ரீன்ஷாட் போட்டு சிரிச்சிட்டு விட்டுருவோம்.

2019ல மெம்பிஸ்ல ஒரு வேர்ஹவுஸுக்கு ஆன்சைட் போனேன். கையில வச்சு ஸ்கேன் பண்ற மெஷினுக்கெல்லாம் புது சாஃப்ட்வேர், பழைய சிஸ்டத்துல இருக்கற யூசர் டேட்டாவை புதுசுக்கு மாத்தறது என் வேலை, அப்புறம் ஒரு மாசம் ராத்திரி ஷிப்ட் சப்போர்ட். அந்த ஊரே ராத்திரிலதான் முழிச்சிருக்கும், ஃபெடெக்ஸோட பெரிய ஹப் அங்கதான், பத்து மணிக்கு மேல வானத்துல விமான லைட்டு வரிசையா திருவிழாவுக்கு சீரியல் பல்ப் கட்டின மாதிரி இறங்கும். லாகின் பண்ணா மெஷின்ல "ஹாய்"னு போட்டு முதல் பேர் வரும், அது நாங்க பெருமையா காட்டின ஃபீச்சர். முதல் நாள் டெமோவுல என் ஐடியிலயே லாகின் பண்ணிக் காட்டினேன், "ஹாய் எஃப்என்யூ"ன்னு வந்துச்சு. ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அதை அப்படியே ஃப்னூன்னு படிச்சாரு. அன்னிலேர்ந்து ஃப்ளோர் முழுக்க நான் ஃப்னூ.

ஃப்ளோர்ல கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினத்தவங்க. மாடியில கண்ணாடி ரூம்ல ஐடி டீம், அதுல நாங்க நாலு பேரும் இந்தியா. மெம்பிஸ் மக்கள்ல மூணுல ரெண்டு பங்கு கிட்ட கறுப்பினத்தவங்கதான், ஆனா என்கூட அபார்ட்மென்ட்ல இருந்த பசங்க வந்த முதல் வாரமே எனக்கு ஒரு மேப்பைக் காட்டி இந்தப் பக்கம் போகாத அந்தப் பக்கம் போகாதன்னு கோடு போட்டுக் குடுத்தானுங்க. கறுப்பினத்தவங்களைப் பத்தி லிஃப்ட்ல பேச நம்மாளுங்க ஒரு கோட்வேர்ட் வேற வச்சிருக்காங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், இங்க எழுதல. நானும் அதைச் சொல்லிருக்கேன்.

ராத்திரி ஷிப்ட் லீட் ஒரு அம்மா, அறுபது வயசு தாண்டியிருக்கும், அந்த ஃப்ளோர்ல எந்த ரேக் எங்க இருக்குன்னு சிஸ்டத்தை விட அவங்களுக்குத் தெரியும். மொத வாரம் ஒரு ஸ்கேனர் ஹேங் ஆகி நான் முழிச்சிட்டிருந்தப்போ பேட்டரியைக் கழட்டி மாட்டி சரி பண்ணிக் குடுத்தாங்க. எனக்கு ரொம்ப நன்றியா இருந்துச்சு, நம்ம வீட்ல வளர்த்த மரியாதை, வயசுல மூத்தவங்களை பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது, "தேங்க்யூ ஆன்ட்டி"ன்னேன். சுத்தி இருந்த நாலு பேரும் வேலையை நிறுத்திட்டாங்க. அவங்க என்னை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, நான் உனக்கு ஆன்ட்டி இல்ல கண்ணுன்னு (பேபின்னு சொன்னாங்க, அந்த ஊர்ல அது கண்ணுதான்) மெதுவா சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கோபமே இல்லாத குரல். அதான் இன்னும் பயமா இருந்துச்சு.

பிரேக்ல அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான் புரிய வச்சாரு. அடிமைமுறை காலத்துலயும் சரி, அது முடிஞ்சு நூறு வருஷம் வரைக்கும் சரி, தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்க கறுப்பினத்தவங்களுக்கு மிஸ்டர், மிஸ், மிஸஸ் எதுவும் போட மாட்டாங்களாம். வயசு எத்தனை இருந்தாலும் ஆம்பளைன்னா பாய், இல்லன்னா வெறும் முதல் பேர். ரொம்ப வயசாயிட்டா ஆன்ட்டி, அங்கிள். அதாவது மரியாதை குடுக்காம இருக்கறதுக்குன்னே உறவு முறையைப் பயன்படுத்தியிருக்காங்க. கடையில பான்கேக் மாவு டப்பாவுல ஆன்ட் ஜெமைமான்னு ஒரு பேர் பார்த்ததில்லயா, அரிசி பாக்கெட்ல அங்கிள் பென்ஸ் பார்த்ததில்லயான்னு கேட்டாரு. அங்கிள் பென்ஸ் எங்க கிச்சன்லயே இருந்துச்சு. (அந்த ரெண்டு பிராண்ட் பேரையும் மாத்தறோம்னு கம்பெனிங்க சொன்னது 2020ல.) ரயில்ல தூங்கற பெட்டியில வேலை பார்த்த போர்ட்டர்கள் எல்லாரையும் ஜார்ஜ்னுதான் கூப்பிடுவாங்களாம், ஏன்னா முதலாளி பேரு ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு எஜமான் பேர் வைக்கற அதே கணக்கு.

அப்ப நான் எப்படிக் கூப்பிடணும்னு கேட்டேன். மிஸ்னு போட்டு அவங்க முதல் பேரைச் சொல்லு, இங்க எல்லாரும் அப்படித்தான்னாரு. நம்ம அக்கா, அம்மா மாதிரியேதான், ஆனா அது அவங்களுக்குள்ள அவங்களே ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்ட மரியாதை, வெளிய கிடைக்காததை வீட்டுக்குள்ள குடுத்துக்கிட்டாங்க.

மறுநாள் போய் அப்படியே கூப்பிட்டு சாரி சொன்னேன். சரி போன்னு கையை ஆட்டிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே வந்து கேட்டாங்க, இந்த மெஷின்ல ஹாய்னு வெறும் பேர் வருதே, அதுக்கு முன்னாடி மிஸ் போட முடியுமா? எனக்கு மட்டும் இல்ல, யாரெல்லாம் கேக்கறாங்களோ அவங்களுக்கு. நான் சைட் மேனேஜர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். இங்க எல்லாரும் ஃபர்ஸ்ட் நேம்தான், நம்ம கல்ச்சர் ஃப்ரெண்ட்லி கல்ச்சர், தவிர இது ஒத்துக்கிட்ட வேலையிலயே (ஸ்கோப்) இல்ல, சேஞ்ச் ரிக்வெஸ்ட் (மாத்தச் சொல்லி முறைப்படி ஒரு மனு) போடுன்னாரு. நானும் போய் அவங்ககிட்ட சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடணும் மேடம்னு அதே வார்த்தையை ஒப்பிச்சேன். ம்ம்னாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை லொரைன் மோட்டலுக்குப் போனேன். மார்ட்டின் லூதர் கிங்கை 1968 ஏப்ரல் 4 சுட்ட இடம், 1991லேர்ந்து மியூசியம். 306ஆம் நம்பர் ரூம் பால்கனியில ஒரு மலர் வளையம் தொங்குது, கீழ பழைய கார் ரெண்டு நிக்குது. கிங்கை எங்க சுட்டாங்கன்னு தெரியும், எதுக்கு அந்த ஊருக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாது. குப்பை அள்றவங்க ஸ்ட்ரைக்குக்கு வந்திருக்காரு. 1968 பிப்ரவரி 1, நல்ல மழை, எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்க குப்பை லாரியோட பின்பக்கத்துக்குள்ள ஏறி நின்னிருக்காங்க, குப்பையை அமுக்கற மெஷின் தானா ஓட ஆரம்பிச்சு ரெண்டு பேரையும் நசுக்கிடுச்சு. பதினோரு நாள் கழிச்சு 1,300 பேர் வேலைக்குப் போகல. அவங்க கழுத்துல மாட்டின அட்டையில சம்பளம் பத்தி ஒரு எழுத்து கிடையாது. ஐ ஆம் எ மேன். நான் ஒரு ஆண், மனுஷன். அந்த வாசகத்தை டீஷர்ட்ல எல்லாம் பார்த்திருக்கேன், ஏதோ தத்துவம்னு நினைச்சிருந்தேன். அங்க நிக்கும்போதுதான் உறைச்சுது, அது பாய்னு கூப்பிட்டதுக்கு பதில்.

திங்கக்கிழமை ராத்திரி லஞ்ச்ல (ஒரு மணிக்கு சாப்பிட்டாலும் லஞ்ச்தான்) அந்தம்மா டேபிள்ல உக்காந்து மியூசியம் போனேன்னு சொன்னேன். அவங்க சித்தப்பா ஒருத்தர் அந்த ஸ்ட்ரைக்ல இருந்தவராம். வீட்டுக் கொல்லைக்குள்ள போய் குப்பையை ஒரு பெரிய டப்புல கொட்டி தோள்ல, தலையில தூக்கிட்டு வரணும், டப்புல ஓட்டை இருக்கும், ஒழுகும். வீட்டுக்கு வந்தா வாசல்லயே துணியைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வருவாராம், புழு விழும்னு. அதைச் சொல்லும்போது அவங்க சோளரொட்டியைப் பிச்சுப் பிச்சு கீரையில தொட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏப்ரல் 16ல ஸ்ட்ரைக் முடிஞ்சுது, ஆனா பென்ஷன் கணக்குல அவங்க ஏமாந்துட்டாங்க, உயிரோட மிச்சம் இருந்த சில பேருக்கு 2017லதான் சிட்டி ஆளுக்கு 50,000 டாலர் குடுக்க முடிவு பண்ணுச்சு, சித்தப்பா அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாருன்னாங்க.

அப்புறம் போனை எடுத்து, நீ டேட்டா ஆளுதானே இதைப் பாருன்னு ஒரு ஸ்கேன் காட்டினாங்க. 1870 சென்சஸ் பக்கம். அவங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேர் அதுல இருக்கு, வயசு, விவசாயக் கூலி, எழுதத் தெரியாது. அதுக்கு முன்னாடி போக முடியலயாம். அடிமையா இருந்தவங்க பேரெல்லாம் சென்சஸ்ல ஏறினது அந்த 1870லதான் முதல் தடவை. 1860க்கு தனியா ஒரு அடிமைப் பட்டியல் இருக்கு, அதையும் காட்டினாங்க. கையெழுத்துல அழகா கோடு போட்ட டேபிள். முதல் கட்டம் உடைமையாளர் பேர். அப்புறம் வயசு, ஆணா பெண்ணா, நிறம், ஓடிப்போனவங்களா, குருடா செவிடா, கடைசியில குடிசை எத்தனை. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். 34, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 4, பெண், கலப்பு.

அடிமையோட பேருக்குன்னு ஒரு கட்டமே இல்ல.

பன்னெண்டு வருஷமா டேபிள் டிசைன் பண்றேன். பேர் தெரியலன்னா நாங்க காலியா விடுவோம், இல்ல அன்னோன்னு போடுவோம், என் விசாவுல போட்ட மாதிரி. இது காலி இல்ல. இங்க பேர்னு ஒண்ணு தேவைப்படும்னு டேபிளை வரைஞ்சவனுக்குத் தோணவே இல்ல. அவங்க விரலை ஒரு வரியில வச்சு, வயசு சரியா வருது, இது அவரா இருக்கலாம்னாங்க. அடுத்த பண்ணையில இன்னொரு வரி, அதுவும் சரியா வருது. விடுதலைக்கு அப்புறம் அவங்களுக்குன்னு தொடங்கின ஃப்ரீட்மன்ஸ் பேங்க்ல கணக்கு தொடங்கினவங்க அப்பா அம்மா பேர், கூடப்பிறந்தவங்க பேரெல்லாம் சொல்லி எழுதி வச்சிருக்காங்களாம், பேங்க் 1874ல திவாலாகி காசு போச்சு, பேர் மட்டும் மிச்சம், அதுல தேடிட்டிருக்கேன்னாங்க.

வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. என் தாத்தா ஞாபகம் வந்துட்டாரு. தங்கமான மனுஷன், எனக்கு. எங்க வயல்ல வேலை பார்த்தவருக்கு தாத்தாவை விட வயசு அதிகம், தாத்தா அவரை "டேய்"னுதான் கூப்பிடுவாரு, அவரு துண்டைக் கக்கத்துல வச்சிட்டு "சொல்லுங்க சாமி"ம்பாரு. நான் அஞ்சாவது படிக்கறப்போ நானும் அவரை வா போன்னுதான் பேசினேன், யாரும் திருத்தல. அவர் பேர் என்னன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு பட்டப்பேர் ஞாபகம் இருக்கு, அது பேர் இல்ல. என் இனிஷியலைப் பத்தி நான் ஆபீஸ்ல பெருமையா ஒரு கதை சொல்வேன், 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல ஜாதிப் பேரை எடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க, அதனாலதான் எங்களுக்கு சர்நேம் இல்லன்னு. நல்ல கதை, உண்மையும்தான். ஆனா எங்க தாத்தா வயல்ல அந்தத் தீர்மானம் வந்து சேரல.

தூக்கம் வராம நெட்ல தேடினதுல மேரி ஹாமில்டன் கேஸ் கிடைச்சுது. 1963, அலபாமா, காட்ஸ்டன் ஊர் கோர்ட். கறுப்பினத்தவங்களோட உரிமைப் போராட்டத்துல கைதான அவங்களை வக்கீல் மேரி மேரின்னு கூப்பிட்டு கேள்வி கேக்கறாரு, மிஸ் ஹாமில்டன்னு சொன்னாதான் பதில் சொல்வேன்னு நின்னுட்டாங்க. கோர்ட் அவமதிப்புன்னு அஞ்சு நாள் ஜெயில், 50 டாலர் அபராதம். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1964ல அவங்க பக்கம் தீர்ப்பு. ஒரு "மிஸ்"ஸுக்கு சுப்ரீம் கோர்ட். நான் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

இதுல டெக்னிக்கலா ஒண்ணுமே இல்லங்கறதுதான் அசிங்கம். டிஸ்ப்ளே நேம்னு (ஸ்க்ரீன்ல காட்டற பேர்) ஒரு ஃபீல்டு இருக்கு, இருபது எழுத்து, யார் கேட்டாலும் நாலு நிமிஷ வேலை. பிக் டிக்கெட் (எந்தச் சரக்கை எடுக்கணும்னு சொல்ற சீட்டு) பின்பக்கத்துல எல்லார்கிட்டயும் என்ன வரணும்னு கேட்டு எழுதச் சொன்னேன். சின்னப் பசங்க பாதிப் பேர் பட்டப்பேர் எழுதினானுங்க, ஒருத்தன் பாஸுன்னு எழுதினான், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மிஸ்டர் போட்டு சர்நேம் மட்டும். சர்நேம் இருபது எழுத்துக்கு மேல போன ஒருத்தரோட பத்து நிமிஷம் பஞ்சாயத்து. வியாழக்கிழமை டேட்டா லோடுல சேர்த்து ஏத்திட்டேன், மேனேஜருக்கு போட்ட மெயில்ல "யூசர் மாஸ்டர் கரெக்ஷன்"னு ஒரு வரி. யூசர் பட்டியல்ல திருத்தம்னு அர்த்தம், பொய் இல்ல. என்னோடதை மட்டும் மாத்தல, என் ஐடி கிளையன்ட் எச்ஆர் சிஸ்டத்துலேர்ந்து வருது, அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

ராத்திரி பத்தரைக்கு ஷிப்ட் ஆரம்பம். அந்தம்மா சார்ஜர்லேர்ந்து ஒரு ஸ்கேனரை எடுத்து பேட்ஜைக் காட்டினாங்க, ஸ்க்ரீனைக் கண்ணாடிக்குக் கிட்ட கொண்டுவந்து பார்த்தாங்க. என் பக்கம் திரும்பல. லாகவுட் பண்ணிட்டு, மறுபடி பேட்ஜைக் காட்டி லாகின் பண்ணாங்க.