அம்பாசிடரின் தடித்த வாஷர்

என்னிடம் இருப்பது 1977ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3. காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் இடப்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கேட்கும், சூடேறியதும் அடங்கிவிடும். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'டேப்பட்' (வால்வைத் தள்ளும் பாகம்) என்றார்கள். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்த பிறகு ஒரு சத்தம் அடங்குகிறது என்றால் முதலில் எக்ஸாஸ்ட் கசிவைத்தான், அதாவது புகை வெளியேறும் வழியில் உள்ள கசிவைத்தான், சந்தேகிக்க வேண்டும். எஞ்சினோடு சேரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டின் ஓரத்தில் படிந்திருந்த கரி அதை உறுதிசெய்தது.

கூடவே ஐடிலிங்கும் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவது) நிலையாக இல்லை. பிளக்குகளைக் கழற்றினேன். முன்னால் உள்ள இரண்டும் வெளுத்திருந்தன; பின்னால் உள்ள இரண்டும் நல்ல பழுப்பு. இந்த 1489 சிசி எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக, இரண்டிரண்டு சிலிண்டருக்குப் பொதுவாக ஓர் இன்டேக் வாய்தான். முன்வாயில் வேண்டாத காற்று புகுந்தால் 1, 2 இரண்டுமே பெட்ரோல் போதாமல் வெளுக்கும். இதற்குக் கார்புரேட்டரைத் திருகுவது வீண். அது நான்கு சிலிண்டரையும் சேர்த்தே மாற்றும். எஞ்சின் சூடாகும் முன் இன்டேக் இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சியதும் ஓட்டம் மாறியது. சிலர் இந்தச் சோதனைக்குக் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். எக்ஸாஸ்டும் அதே பக்கத்தில் கொதிக்கும் எஞ்சினில் அது தீயோடு விளையாடுவது.

பழைய பட்டறையில், இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட்டை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். பிறகும் ஏன் கசிந்தது?

இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே கேஸ்கெட். இரண்டு மேனிஃபோல்டுகளின் விளிம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற இடத்தில், ஒரே ஸ்டட்டில் (எஞ்சினில் பதித்த மரையாணி) ஒரு தடித்த வாஷர் இரண்டையும் சேர்த்து அமுக்குகிறது. எந்த விளிம்பு ஒரு நூலளவு தடிமனோ, வாஷர் அதன் மேல் ஏறிச் சாய்ந்துவிடும், மற்றது இறுகாது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர்தான் வளையும். இரண்டு கசிவுக்கும் வேர் இதுதான். புதிது புதிதாகக் கேஸ்கெட் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

முந்தைய நாளே ஸ்டட்டுகளுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் முகமூடி அணிந்து, நனைத்துத்தான் சுரண்டினேன். உலர்வாகச் சுரண்டித் தூசியைக் கிளப்பக் கூடாது. பிறகு இரண்டு மேனிஃபோல்டுகளையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "சார், தனித்தனியாகவே தேய்த்துவிடலாமே" என்றார் அங்கிருந்த பெரியவர். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் உட்காரும் முகத்தைச் சமமாக்கினால் மட்டும் போதாது, வாஷர் உட்காரும் பக்கத்திலும் இரண்டும் ஒரே தடிமனாக வேண்டும் என்று விளக்கியதும் அவரே ஆர்வமாகிவிட்டார். இரண்டையும் ஒன்றாகப் பூட்டி முகத்தைச் சமன்செய்தார். தடிமனாக இருந்த விளிம்புகளின் முதுகையும் இழைத்துக் கொடுத்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது வெளிச்சம் கசியவில்லை.

வளைந்த வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை போட்டேன். நட்டுகள் பித்தளை, ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. கேஸ்கெட்டுக்குப் பசை எதுவும் தடவவில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டியை ஓட்டி, முழுவதும் ஆறிய பிறகு மறுபடி ஒரு சுற்று.

தட்டல் போய்விட்டது. கார்புரேட்டரை அதன் பிறகுதான் தொட்டேன். இப்போது உண்மையாகவே டேப்பட் சத்தம் மெல்லக் கேட்கிறது; வால்வு இடைவெளியைச் சரிபார்க்க ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடுகள்) எடுத்து வைத்திருக்கிறேன்.