நீல கேஜும் சிவப்பு கேஜும்

ஏ.சி. ரிப்பேருக்குப் போய், பிரஷர் காட்டுகிற கேஜை மாட்டியதும் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு இருக்குங்க, போதுமா?" டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. தப்பு அவர் மேல் இல்லை. "கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தொழில்காரர்கள் பழக்கிவைத்திருக்கிறார்கள். ஏ.சி.யில் கேஸ் தீராது. லீக் இருந்தால் குறையும், இல்லாவிட்டால் போட்டது போட்டபடி சுற்றிக்கொண்டிருக்கும்.

கேஜ் காட்டுவது அளவையும் இல்லை. மெஷினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். வெளியே 30 டிகிரி என்றால் ஆர்22 கேஸ் ஏறக்குறைய 158 பிஎஸ்ஐ (பிரஷரின் அலகு) காட்டும், ஆர்32 கேஸ் என்றால் 265 பக்கம். உள்ளே திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிற வரைக்கும், முழு சார்ஜ் (போட வேண்டிய கேஸ்) இருந்தாலும் பாதிதான் இருந்தாலும் அதே எண்தான் வரும். சிலிண்டரிலும் இதே கதை. அதனால்தான் சிலிண்டரை எடை போட்டுப் பார்க்கிறோம். நின்றுபோன மெஷினில் கேஜை வைத்து "கேஸ் சரியா இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

கேஜ் காட்டுவது கொதிநிலையை. நீல கேஜின் எண்களுக்கு உள்ளே சின்ன எழுத்தில் இன்னும் சில வளையங்கள் இருக்கும், கேஸுக்கு ஒன்றாக. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வேலை முழுக்க அந்த வளையத்தில்தான். ஓடுகிற ஆர்32 மெஷினில் சக்‌ஷன் (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சுகிற பக்கத்துப் பிரஷர், நீல கேஜ் காட்டுவது) 120 என்றால், கூலிங் காயிலுக்குள் அந்தத் திரவம் சுமார் 4 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொதிக்க வேண்டிய சூட்டை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் ஏ.சி.

அப்படியானால் சக்‌ஷன் குறைந்தாலே கேஸ் குறைவா? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ், ஆர்32 மெஷின். தடிமனான குழாய் வால்வ் வரைக்கும் ஐஸ் கட்டியிருந்தது. சக்‌ஷன் 95. அதாவது காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. எனக்கு முன்னால் வந்தவர் கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். உள் யூனிட்டைத் திறந்தால் ஃபில்டரே தெரியவில்லை, கம்பளி போர்த்திய மாதிரி பஞ்சு. காற்று வராவிட்டால் சூடு வராது, சூடு வராவிட்டால் கொதிக்காது, கொதிக்காவிட்டால் பிரஷர் இறங்கத்தான் செய்யும். ஐஸ் கரையவிட்டு, ஃபில்டரைக் கழுவி மாட்டி ஓட்டினால் சக்‌ஷன் விறுவிறுவென்று ஏறியது, கூடவே ஆம்பியரும். அவர் ஏற்றிய கேஸ் இப்போது உபரி. கேஸ் எல்லாவற்றையும் ரெக்கவர் செய்துவிட்டு (திரும்ப வெளியே எடுத்து), பெயர்ப் பலகையில் போட்டிருந்த எடைக்குத் திரும்ப ஏற்றவேண்டியதாயிற்று. கழுவ வேண்டிய ஃபில்டருக்கு வந்த செலவு அது.

சிவப்பு கேஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காட்டுவது டிஸ்சார்ஜை, கம்ப்ரசர் கேஸை அழுத்தித் தள்ளுகிற பக்கத்துப் பிரஷரை. வெளி யூனிட்டில் இருக்கிற கண்டென்சர் காயில் தன் சூட்டை வெளிக்காற்றிடம் தள்ள வேண்டும் என்றால் காற்றைவிட ஒரு பத்துப் பன்னிரண்டு டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் 38 டிகிரி என்றால் உள்ளே 50. ஆர்22க்கு அது 267 பிஎஸ்ஐ, ஆர்32க்கு 440. இது கம்ப்ரசர் முடிவு செய்கிற எண் இல்லை, வெயில் முடிவு செய்வது. கண்டென்சரில் தூசி அடைத்தால் இன்னும் ஏறும். காற்று சரியாக வந்தும் இரண்டு கேஜும் சேர்ந்து இறங்கினால் கேஸ் குறைவு. சக்‌ஷன் ஏறி டிஸ்சார்ஜ் இறங்கினால் கம்ப்ரசர் வால்வ் போய்விட்டது. ஆனால் வீட்டு ஸ்பிளிட்டில் பெரும்பாலும் சக்‌ஷனுக்கு மட்டும்தான் போர்ட். பிரஷரை இறக்குகிற கேப்பிலரி வெளி யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், வீட்டுக்குள் போகிற மெல்லிய குழாயில்கூட லோ பிரஷர்தான். டிஸ்சார்ஜை நாங்கள் ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டரை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

அப்பா அவிநாசியில் கிணற்று பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அவர் கடையில் சக்‌ஷனுக்கு வேறு நியாயம். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்பார்கள். பம்பு காற்றை விலக்கி இடம்தான் கொடுக்கிறது, கிணற்றுத் தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் எடை அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த எடை 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். கோயம்புத்தூர் உயரத்தில் 9.8. ஊட்டியில் 8க்கும் கீழே. குழாய் உராய்வு, குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வ் எல்லாம் போக நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர்தான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்திருப்பது இதனால்தான்.

கோடையில் தண்ணீர் இன்னும் இறங்கினால் பம்புக்குள் ஜல்லி ஓடுகிற சத்தம் கேட்கும். ஜல்லி இல்லை. தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இம்பெல்லரின் வாயில் பிரஷர் அவ்வளவு இறங்கி, 30 டிகிரித் தண்ணீரே அங்கே கொதிக்கிறது. அந்தக் குமிழ்கள் அடுத்த நொடி பிரஷர் கூடிய இடத்துக்குப் போய் நொறுங்கும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. அப்பா கடையில் அம்மை வடு போட்ட இம்பெல்லர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்.

நான் கொதிக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறேன், அவர் கொதித்ததால் கெட்டதைச் சரி செய்கிறார். என் கம்ப்ரசருக்குள் திரவம் போனால் வால்வ் உடையும். அவர் பம்புக்குள் ஆவி போனால் தண்ணீர் ஏறாது. ஆம்பியரும் நேர் எதிர். டெலிவரி கேட் வால்வை மூடினால் கிணற்று மோட்டாரில் பிரஷர் ஏறும், ஆம்பியர் இறங்கும். தண்ணீர் நகரவில்லையே, வேலை எங்கே? கம்ப்ரசரில் டிஸ்சார்ஜை அடைத்தால் பிரஷரும் ஏறும், ஆம்பியரும் ஏறும், ஓவர்லோட் விழும். இது தெரியாமல் பம்பில் ஆம்பியர் குறைவதைப் பார்த்து "லோடு நல்லா கம்மியா இருக்கு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. மூடிய வால்வோடு அப்படியே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகி சீல் போகும்.

ஜல்லிச் சத்தம் கேட்டால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். தண்ணீர் குறையும், சத்தமும் குறையும். சக்‌ஷன் பக்கத்தில் மட்டும் எதையும் நெருக்கக் கூடாது. டெலிவரியில் கேஜ் வைத்தவர்கள் நிறைய, சக்‌ஷனில் வைத்தவர்கள் அபூர்வம். ஃபுட் வால்வ் சல்லடையில் பாசி அடைப்பதை முதலில் காட்டுவது அதுதான். வாங்குவதானால் பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டுகிற காம்பவுண்ட் கேஜாக, கிளிசரின் ஊற்றியதாக வாங்குங்கள். மோட்டார் அதிர்வில் முள் ஆடாமல் நிற்கும்.