பாங்காக்கை மூடிவிட்டார்கள் என்றார்கள், நாங்கள் போய் வந்தோம்

2014 ஜனவரி 27, திங்கட்கிழமை காலை பாங்காக்கிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். அரசை எதிர்த்துப் போராட்டம் நடக்கும் ஊருக்குப் போவதற்கு முன் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "டிவி பாக்கறதில்லையா நீ?" பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் போனோம். இப்படியொரு நேரத்தில் ஒரு ஊருக்குப் போகலாமா என்று குழம்புகிறவர்களுக்கு விசா, தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் ஏன் ரத்து செய்யவில்லை என்பது. 2013 அக்டோபரில் சலுகை விலையில் எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் போட்டேன். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. வெளிநாடு போகத் துறை அனுமதி வேண்டும். அந்தக் காகிதத்துக்காக அவள் மூன்று மாதம் அலைந்திருக்கிறாள். தேதியை மாற்றினால் முதலிலிருந்து அலைய வேண்டும். பயணக் காப்பீட்டை எடுத்துப் படித்தால், உள்நாட்டுக் கலவரத்தால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பிரீமியம் கட்டும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் வாங்கினால் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

நாங்கள் டிக்கெட் போட்டபோது ஊர் அமைதியாக இருந்தது. நவம்பர் 1 விடிகாலையில் தாய்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு பொதுமன்னிப்பு மசோதாவை நிறைவேற்றியது. 2006 ராணுவப் புரட்சியில் பிரதமர் பதவி இழந்து அப்போது வெளிநாட்டில் இருந்த தக்சின் ஷினவத்ரா ஊர் திரும்ப அது வழி செய்யும் என்று பாங்காக் கொதித்தது. அவருடைய தங்கை யிங்லக்தான் அப்போது பிரதமர். மேலவை மசோதாவைத் தள்ளிவிட்டது, ஆனாலும் கூட்டம் கலையவில்லை. டிசம்பர் 9 அன்று யிங்லக் நாடாளுமன்றத்தைக் கலைத்து, பிப்ரவரி 2 தேர்தல் என்றார். போராட்டத் தலைவர் சுதேப் தௌக்சுபனோ தேர்தலே வேண்டாம், முதலில் சீர்திருத்தம், அதுவரை தேர்ந்தெடுக்கப்படாத ஒரு மக்கள் மன்றம் என்றார். ஜனவரி 13 முதல் நகரின் பெரிய சந்திப்புகளை மறித்து மேடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பெயர் 'ஷட்டவுன் பாங்காக்'.

ஜனவரி 20 திங்களன்று இறங்கினோம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு ஊர்வலத்தில் குண்டு வீசி ஒருவர் இறந்திருந்தார். ஞாயிறன்று விக்டரி மான்யுமென்ட் அருகே வெடித்த குண்டுகளில் இருபத்தைந்து பேருக்கு மேல் காயம். நாங்கள் அறை போட்டிருந்த ராட்சதேவியிலிருந்து அது இரண்டே ஸ்டேஷன். விமானத்தில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் அப்போது விசாவுக்குத் தலைக்கு ஆயிரம் பாட். அன்றைக்கு ஒரு பாட் ஏறக்குறைய நமக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தையும் ஆளுக்குப் பத்தாயிரம் பாட் மதிப்புள்ள பணத்தையும் அப்போது கையில் வைத்திருக்க வேண்டும், கேட்பார்கள். அங்கிருந்து ரயில், பாயா தாய் வரை 45 பாட். தங்கும் விடுதியில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தாத்தாதான் இருந்தார். ஆயிரம் பாட் அறையை நாங்கள் பேரம் பேசும் முன்பே எழுநூறுக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தபோது மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை.

போக்குவரத்துக்கு வருகிறேன். மூடியது சாலைகளைத்தான். தலைக்கு மேலே ஓடும் ஸ்கை ட்ரெயின், பூமிக்குக் கீழே ஓடும் மெட்ரோ, ஆற்றிலும் கால்வாயிலும் ஓடும் படகுகள் எல்லாம் வழக்கம்போல ஓடின. ரயிலில் கூட்டம் பிதுங்கியது, அவ்வளவுதான். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுக்கு எவ்வளவு தூரம் போனாலும் அப்போது 15 பாட். சான் சாப் கால்வாய்ப் படகு இன்னும் மலிவாக இருந்தது. தண்ணீர் கருப்பாக நாறும், எதிர்ப் படகு வந்தால் முகத்தில் தெறிக்கும், ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். முதல் தடவை மூக்கைப் பொத்திய அக்கா மூன்றாம் தடவை தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அந்த டாக்ஸிக்காரன். செவ்வாய் இரவு ஒன்பது மணி, காவ் சான் சாலைப் பக்கம் நின்றிருந்தோம். கால்வாய்ப் படகு அதற்குள் நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று மாலைதான் அவசரநிலை அறிவித்திருந்தார்கள். மறுநாள் முதல் 60 நாளைக்கு. கைபேசியில் ஊரிலிருந்து செய்தி மேல் செய்தி. மீட்டர் போடச் சொன்னால் ஒவ்வொரு வண்டியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனது. ஒருவன் நின்றான். "மாப், மாப்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். போராட்டக் கூட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். எல்லாச் சாலையும் அடைப்பு, சுற்றித்தான் போக வேண்டும், ஐந்நூறு என்றான். அக்கா பயந்துபோயிருந்தாள். நானூறுக்குப் பேசி ஏறினோம். நானூறு பாட் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. எங்கெங்கோ சுற்றினான், ஒரு பாலத்தில் இரண்டு தடவை ஏறினான், கடைசியில் ஒரு சந்திப்பில் நிறுத்தி, இதற்கு மேல் போகாது, இறங்கு என்றான். அங்கிருந்து அரை மணி நேரம் நடந்தோம். அவன் அடைப்பு என்று சொன்ன அதே சாலையில் அந்த நேரத்தில் பேருந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அதே தூரத்துக்கு இன்னொருவர் மீட்டர் போட்டு 75 பாட் வாங்கினார். நான்கைந்து பாட் சில்லறையைக்கூடத் திருப்பிக் கொடுத்தார். ஊருக்கு வந்த கஷ்டத்தைக் காட்டிப் பயந்தவனிடம் பிடுங்குவது கேவலம். இரவில் மீட்டர் இல்லாமல் ஏறாதீர்கள். நேரமானால் ஸ்கை ட்ரெயின் ஸ்டேஷன் பக்கத்திலேயே சுற்றுங்கள்.

போராட்டக் களத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாத்தும்வான் சந்திப்பு, ராட்சபிரசோங், அசோக் மூன்றையும் பகலில் பார்த்தோம். பாத்தும்வானிலிருந்து ராட்சபிரசோங் வரை மேலே ஸ்கை ட்ரெயின், கீழே அகலமான சாலை முழுக்கக் கூடாரம். ஒரு கார் இல்லை. கழுத்தில் தாய்லாந்துக் கொடியின் மூவர்ண நாடாவில் தொங்கும் விசில், மூவர்ண ரிப்பன், மூவர்ணச் சட்டை, எல்லாம் விற்பனைக்கு. தலைவர் பேச்சில் ஒரு இடம் வந்தால் ஆயிரம் விசில் ஒன்றாக ஊதும், காது அடைத்துவிடும். இலவசச் சாப்பாடு, இலவச மருத்துவம், பாட்டிகளுக்குக் கால் பிடித்துவிட ஆட்கள். சுதேப் நடந்து வந்தபோது, அவரை 'லுங் கம்னான்' என்பார்கள், அதாவது நாட்டாமை மாமா என்கிற மாதிரி, இரண்டு பக்கமும் வரிசையில் நின்று நோட்டை நீட்டினார்கள். அலுவலகப் பெண்கள், வயதான தம்பதிகள், பளபளப்பான காரில் வந்தவர்கள். எங்களுக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், இந்தியாவா என்று கேட்டுச் சிரித்தார்கள். 'நம்ம ஊர்த் திருவிழா மாதிரி இருக்குடா' என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் விசில்கூட வாங்கினேன். ஆனால் இருட்டியதும் அங்கே நிற்கவில்லை. குண்டு வீசியவன் யார் என்று பார்த்தா வீசினான்?

நடுவில் இரண்டு இடங்கள். பான்ஃபா படகுத்துறையில் இறங்கி நடந்தால் சிவப்பாய் உயர்ந்து நிற்கும் ராட்சத ஊஞ்சல் கம்பம். பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில். அங்கே நடக்கும் விழாவுக்குத் 'திரியம்பவாய்', 'திரிபவாய்' என்று பெயர். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். அந்த விழாவில்தான் முன்பு ஊஞ்சல் ஆடுவார்கள், 1935க்குப் பிறகு ஆடுவதில்லை. மார்கழி முழுக்க அதைப் பாடி வளர்ந்த அக்கா அந்தக் கம்பத்தின் அடியிலிருந்து நகர மறுத்துவிட்டாள். அப்புறம் தை வெள்ளிக்கிழமை சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. சீலோமின் அந்த முனையில்தான் போராட்டம், கோயில் இந்த முனையில். தாய்லாந்து மக்கள் சாமந்தி மாலையும் பழத்தட்டுமாக முழங்காலிட்டு இருந்தார்கள். சன்னதியில் ஒருவர் தமிழில் "எந்த ஊரும்மா?" என்று கேட்டதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரண்மனைக்கும் போனோம், தலைக்கு 500 பாட். அழகுதான், ஆனால் அந்தப் பணத்துக்கு எனக்கு ஊஞ்சல் கம்பமே போதும்.

சாப்பாடு. எங்கள் விடுதிச் சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், வடகிழக்கே ஈசான் பகுதியில் உடோன் தானிக்காரர். அவர் செய்வது பச்சைப் பப்பாளிச் சாலட். மண் உரல், மர உலக்கை. பச்சை மிளகாயும் பூண்டும் போட்டு ரெண்டு இடி, பனங்கருப்பட்டி, எலுமிச்சை, மீன் சாறு, தக்காளி, காராமணி, உலர்ந்த இறால், வேர்க்கடலை, கடைசியில் கொத்துக் கொத்தாகச் சீவிய பச்சைப் பப்பாளி. ஒரு கையால் இடித்துக்கொண்டே மறு கையில் கரண்டியால் புரட்டுவார். எத்தனை மிளகாய் என்று விரலைக் காட்டிக் கேட்பார். வெள்ளைக்காரர்கள் ஒன்று என்பார்கள். அக்கா ஐந்து காட்டினாள். அவர் உலக்கையை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். கரியில் வாட்டிய கோழி, மூங்கில் கூடையில் ஒட்டுச் சோறு. சோற்றைக் கையாலேயே உருட்டி, பப்பாளியின் சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுகிறார்கள் என்றதுமே எங்களுக்குப் பாதி ஊர் வந்த மாதிரி. இருவருக்கும் சேர்த்து 120 பாட். ஆறு நாளில் ஐந்து வேளை அங்கேதான் சாப்பிட்டோம்.

விடுதிப் பையன் மொழிபெயர்ப்பான். அந்த அம்மா மாலையில் வண்டியைப் பாத்தும்வான் மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவார், அங்கே வியாபாரம் நன்றாக இருக்கும். ஓட்டு யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் ஈசான் தக்சின், யிங்லக் பக்கம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து பாங்காக்கில் பிழைக்க வந்து பதிவு செய்துகொண்டவர்கள் இங்கேயே முன்கூட்டி ஓட்டுப் போடலாம், ஞாயிறு 26ஆம் தேதி. அவரும் பதிந்திருந்தார். சனிக்கிழமை சாப்பிடும்போதே, நாளை காலை கடை கிடையாது, பதினோரு மணிக்கு வாங்க என்றார்.

ஞாயிறு காலை விடுதி டிவியில் பார்த்தோம். அதே விசில், அதே மூவர்ண ரிப்பன், வாக்குச்சாவடி வாசலில் சங்கிலி போட்டு நிற்கிறார்கள். கையில் அடையாள அட்டையோடு வந்தவர்களை உள்ளே விடவில்லை. பாங்காக்கின் பெரும்பாலான சாவடிகளில் அன்று வாக்குப்பதிவு நடக்கவில்லை. பங் நா பக்கம் நடந்த மோதலில் போராட்டத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து நாளாக எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சிரித்தவர்களும் இவர்களும் ஒரே கூட்டம்தான். ஊழல் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். யிங்லக் அரசின் அரிசிக் கொள்முதலில் விவசாயிகளுக்கே மாதக்கணக்கில் பணம் வரவில்லை. ஆனால் இன்னொருவன் ஓட்டைத் தடுப்பதற்கு நான் எந்த நியாயத்தையும் ஏற்கமாட்டேன். வாங்கிய விசிலை அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவால்தான் தாங்க முடியவில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் அவளுக்கு வாக்குச்சாவடிப் பணி. முதல் நாள் இரவு இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட பெஞ்சில் கொசுக்கடியில் படுத்திருந்தவள். "ஒரு கிழவி மூடற நேரத்துக்கு ஓடி வந்தாடா, டோக்கன் குடுத்து நிறுத்தி ஓட்டுப் போட வெச்சோம். இவங்க கேட்டைச் சாத்திட்டு நிக்கறாங்க" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்குப் போனோம். வண்டி இருந்தது. அக்கா எதுவும் கேட்கும் முன் அந்த அம்மா கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், இல்லை என்று. மூன்று மணி நேரம் வெளியே நின்றாராம். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டுக்குப் போ என்றார்களாம், விசில் ஊதினார்களாம். இதைச் சொல்லும்போது பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவர் அக்காவைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். அக்கா தலையாட்டினாள்.

செலவுக் கணக்கைக் கேட்டவர்களுக்கு: விமானம் தவிர, விசா, அறை, ரயில், சாப்பாடு, அந்த நானூறு பாட் கொள்ளை எல்லாம் சேர்த்து இருவருக்கும் பதினைந்தாயிரம் பாட்டுக்குள் முடிந்தது. போகலாமா என்று அப்போது கேட்டவர்களிடம், ரயிலையும் படகையும் நம்பிப் போகலாம் என்றேன். ஆனால் பிப்ரவரி 2 முடியும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள் என்றும் சொன்னேன்.

மாலை ஐந்தரைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். சந்து முனையில் அந்த அம்மா அடுப்புக் கரியைத் தணித்து, உரலைக் கயிற்றால் வண்டியோடு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். அப்புறம் வண்டியைப் பாத்தும்வான் மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.